காய்ச்சலும் பாய்ச்சலும்

நாஞ்சில் என்னும் சொல்லுக்குக் கலப்பை என்பது பொருள். ஒரு நாடு உழுபடையின் பெயரையே தன் பெயராகக் கொண்டு வழங்குமாயின், அந்நாட்டார் எதனைக்கொண்டு வாழ்ந்தனர் என்பதை ஒருவர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தோவாளை, அகத்தீசுவரம் என்னும் இரண்டு வட்டங்களும் சேர்ந்ததே பழைய நாஞ்சில் நாடு. திருவிதாங்கூர் மன்னர் ஆட்சியில் அது அந்நாட்டின் நெற்களஞ்சியம் எனப் பெயர் பெற்றிருந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று கன்னியாகுமரி மாவட்டத்தின் பகுதியாகத் தமிழ் நிலத்தோடு இணைந்தது. அந்த நாட்டு வயல்களில் நிற்கும் நீரைப் பற்றியும், அந்நீரினின்று கண்ணுக்குத் தெரியாமல் மேலெழும் ஒரு வாயுவைப் பற்றியுமே இன்று பேசப் புகுகின்றேன்.

நேயர்களில் வயற்காட்டில் வளர்ந்தவர்கள் இதனைக் கண்டிருப்பார்கள். நடவு முடிந்து ஒரு திங்கள் சென்ற வயலில் இறங்கித் தொளியில் கால் வைத்தால், காலைச் சுற்றி நீர்க்குமிழிகள் மளமளவென்று எழும். சிறுவயதில் நாங்கள் அதனை நண்டு விடும் மூச்சு என்றும், தவளை விடும் மூச்சு என்றும் சொல்லிக்கொண்டு, யார் காலடியில் குமிழி மிகுதியாக எழுகின்றது என்று பந்தயம் வைத்ததும் உண்டு. அது நண்டின் மூச்சும் அன்று, தவளையின் மூச்சும் அன்று. அது மீத்தேன் என்னும் வாயு. இத்தாலி நாட்டு அறிஞர் வோல்ட்டா 1776ஆம் ஆண்டில் மஜோரே ஏரிக்கரையின் சேற்றைக் கோலால் கிளறி, எழுந்த குமிழிகளைச் சேர்த்து எரித்துப் பார்த்தார். சதுப்பு நில வாயு என்று முன்னோர் அழைத்தது இதனையே.

நெல் வயலில் இவ்வாயு உண்டாவதை முறையாக ஆராய்ந்த பெருமை நம் தமிழ் நிலத்துக்கே உரியது என்பதைப் பலர் அறியார். கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியில் அரசாங்க இரசாயனராக இருந்த ஹாரிசன் என்பவரும், அவரோடு பணியாற்றிய சுப்பிரமணிய ஐயரும் 1913ஆம் ஆண்டு முதல் நீர் தேங்கிய நெல் மண்ணின் வாயுக்களைப் பற்றித் தொடர்ச்சியாக ஆய்வுரைகள் வெளியிட்டனர். மண்ணுக்குள் உண்டாகும் மீத்தேனில் ஒரு பகுதியை, மண்ணின் மேற்பரப்பில் படிந்திருக்கும் மெல்லிய படலத்தில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டுவிடுகின்றன என்பதையும் அவர்கள் கண்டுரைத்தனர். உலகத்தின் வெப்பம் ஏறுகின்றது என்ற பேச்சே எழாத காலம் அது. பயிரின் வேருக்குக் காற்று எங்கிருந்து கிடைக்கின்றது என்பதை அறிவதே அவர்கள் நோக்கமாயிருந்தது. பிற்காலத்தார்க்கு அது வேறு வகையில் பயன்பட்டது.

இனி, அந்த வாயு எவ்வாறு உண்டாகின்றது என்று பார்ப்போம். நம் ஊர்த் திருமண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். வயலில் நீரைக் கட்டினால், மண்ணுக்கும் காற்றுக்கும் இருந்த உறவு அறுந்துபோகின்றது. மண்ணிடுக்குகளில் எஞ்சியிருந்த உயிர்வளியைச் சில நாட்களுக்குள் நுண்ணுயிர்கள் தீர்த்துவிடுகின்றன. அது முதற் பந்தி. அதன் பின், உயிர்வளி இன்றியும் வாழவல்ல வேறு நுண்ணுயிர்கள் இலைமுன் அமர்கின்றன. அவை மண்ணிலுள்ள நைட்ரேட்டையும், மாங்கனீசையும், இரும்புத் துருவையும், சல்பேட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்படுத்தி உயிர் வாழ்கின்றன. இவையெல்லாம் தீர்ந்தபிறகே கடைசிப் பந்தி நடைபெறுகின்றது. அழுகிய தழை, வைக்கோல், வேர்க்கசிவு ஆகியவற்றினின்று மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் அப்பந்தியினவே. காற்றுப் பட்டால் அவற்றால் தொழில் செய்ய இயலாது. ஆகவே முற்பந்திகள் முடியும்வரை அவை காத்திருக்கின்றன.

இந்தக் கடைசிப் பந்தியின் விளைவு வெளியேறும் வழியும் வியப்புக்குரியது. குமிழியாக எழுவது சிறுபான்மையே. பெரும்பகுதி நெற்பயிரின் உடம்பின் வழியாகவே மேலே செல்லுகின்றது. நீரில் நிற்கும் பயிர் வேருக்கு மூச்சுக் கொண்டுசெல்லத் தன் தண்டினுள் காற்றுக்குழல்களை அமைத்துக்கொண்டிருக்கின்றது. காற்று இறங்குவதற்கு அமைந்த வழியே மீத்தேன் ஏறுவதற்கும் வழியாகிவிட்டது. காற்று மண்டலத்தை அடைந்த மீத்தேன் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே தங்குகின்றது. எடைக்கு எடை ஒப்பிட்டால், நூறு ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல் இருபத்தேழு மடங்கும், இருபது ஆண்டுக் கணக்கில் ஏறக்குறைய எண்பது மடங்கும் உலகைச் சூடேற்ற வல்லது. மனிதர் செயலால் உலகில் எழும் மீத்தேனில் பத்தில் ஒரு பங்கினை ஒட்டிய அளவு நெல் வயல்களினின்று வருகின்றது என்று கணக்கிட்டிருக்கின்றனர். கரியமில வாயுவைப்போலப் பன்னூறு ஆண்டுகள் நில்லாமல் விரைவில் அழிந்துவிடும் தன்மை அதற்கு உண்டு. ஆதலால் இன்று அதனைக் குறைத்தால், அதன் பயனை இன்றைய தலைமுறையே கண்ணால் காணலாம்.

இங்கே ஒரு வழக்கைச் சொல்லாமல் அப்பால் செல்ல மனம் இசையவில்லை. 1990ஆம் ஆண்டையொட்டி, இந்திய நெல் வயல்களினின்று ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்றே முக்கால் கோடி டன் மீத்தேன் எழுகின்றது என்று மேல்நாட்டார் ஒரு கணக்கு வெளியிட்டனர். மேல்நாட்டு வயல்களிலும் சோதனைக் களங்களிலும் அளந்த அளவை நம் நாட்டின் பரப்பினால் பெருக்கி அடைந்த கணக்கு அது. அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991இல் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். உழவன் உயிர் வாழ்வதற்காக விடும் வாயுவையும், செல்வர் தம் உல்லாசத்துக்காக விடும் வாயுவையும் ஒரே தராசில் நிறுத்தலாமோ என்பது அவர்கள் வினா. அதே ஆண்டில் புதுதில்லித் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஏ. பி. மித்ரா முதலிய அறிஞர்கள், நாட்டின் பல மாநிலங்களில் வயல்களுக்கே நேரில் சென்று பெட்டிகளைக் கவிழ்த்து வாயுவைப் பிடித்து அளந்தனர். கிடைத்த விடை ஏறத்தாழ நாற்பது இலட்சம் டன். முன் சொன்ன கணக்கில் ஒன்பதில் ஒரு பங்கு! வானத்தை நோக்கி வாழும் வயல்கள் இந்நாட்டில் மிகுதி. அவற்றில் நீர் என்றும் நிற்பதில்லை. நீர் நில்லாத இடத்தில் மீத்தேன் எழாது. எட்டி நின்று ஏழை நாட்டின்மீது பழி சுமத்துவோர் இதனை மறந்துவிட்டனர். 2021ஆம் ஆண்டு கிளாஸ்கோ மாநாட்டில் பல நாடுகள், 2030க்குள் மீத்தேனை முப்பது விழுக்காடு குறைப்பதாக உறுதி கூறியபோது இந்தியா அதில் சேரவில்லை. அதற்கும் இந்தப் பழைய கசப்புக்கும் தொடர்பு உண்டு என்றே நான் எண்ணுகின்றேன்.

அது நாட்டினர் பேசும் நியாயம். அதனால் நம் வயலில் தேங்கும் நீரைப் பற்றி நாம் சிந்திக்க வேண்டுவதில்லை என்று ஆகிவிடாது. நாஞ்சில் நாட்டில் இதனைச் சிந்திப்பதற்கு, மீத்தேனைக் காட்டிலும் நெருக்கமான காரணம் ஒன்று உண்டு. அதைக் கூறுவதற்கு முன் இந்நாட்டின் நீர்வரவைச் சிறிது சொல்ல வேண்டும்.

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டின் பயனையும் அடையும் பேறு இம்மாவட்டத்துக்கு உண்டு. மலையிலிருந்து இறங்கும் பறளியாற்று நீரை அணைகட்டித் திருப்பிப் பழையாற்றுக்குக் கொண்டுவந்த பழைய ஏற்பாட்டை இன்றும் பாண்டியன் அணை என்றும், பாண்டியன் கால் என்றும் அழைக்கின்றனர். 1906ஆம் ஆண்டில் பொறியாளர் மிஞ்சின் துரையின் மேற்பார்வையில் கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை எழுந்து முடிந்தது. 1950களின் தொடக்கத்தில் பறளியாற்றில் பெருஞ்சாணி அணை எழுந்தது. தோவாளைச் சானல், அனந்தனார் சானல், நாஞ்சில் புத்தனாறு சானல் என்று கால்கள் பிரிந்து சென்று, ஈராயிரத்தை ஒட்டிய குளங்களை நிரப்பி, குளத்து மடைகளின் வழியே ஏலாக்களில் பாய்கின்றன. கால்வாய் என்னும் தமிழ்ச்சொல் இருக்கவும் நம்மவர் சானல் என்றே வழங்குகின்றனர். நானும் அவ்வாறே சொல்லிவிடுகின்றேன். சுசீந்திரம், தேரூர்க் குளங்களும், வேம்பனூர்க் குளமும் 2022இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களாக ஏற்கப்பட்டன. நெல்லுக்காக வெட்டிய குளங்களே இன்று பறவைகளுக்குப் புகலிடமாகியுள்ளன.

வழக்கப்படி ஜூன் முதல் நாளில் அணை திறந்து, பிப்ரவரி இறுதிவரை நீர் விடுவார்கள். இந்தக் காலத்துக்குள் இரண்டு பூ விளையும். அறுவடை வரும் மாதத்தின் பெயரால் முன்னதைக் கன்னிப்பூ என்றும், பின்னதைக் கும்பப்பூ என்றும் கூறுவர். நமக்கு அவை புரட்டாசியும் மாசியும் ஆகும். கன்னிப்பூவில் பொடிவிதைப்பு என்றொரு முறை முன்னாளில் பெருவழக்காயிருந்தது. கோடை மழையின் ஈரத்தில் புழுதியாக உழுது, காய்ந்த மண்ணிலேயே விதையைத் தூவிவிடுவார்கள். பயிர் ஒரு மாத அளவு வளர்ந்து, அணைநீரும் மழைநீரும் வந்து சேர்ந்த பிறகே வயலில் நீர் கட்டுவார்கள். அந்த ஒரு மாதமும் மண்ணில் காற்று உலாவுகின்றது. கடைசிப் பந்திக்கு இலையே போடுவதில்லை! மீத்தேன் என்ற பெயரையும் அறியாத நம் பாட்டனார் அதனைக் குறைக்கும் வழியைக் கைக்கொண்டிருந்தார். அவர் அதைச் செய்தது நீர்ப் பற்றாக்குறையினால் என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை.

முன்பு நெருக்கமான காரணம் ஒன்று உண்டு என்றேன். அது கடைவரம்பின் துயரம். சானலின் தலைப்பில் உள்ள வயல்களில் முழங்கால் அளவு நீர் நின்று வரப்பின்மேல் வழிந்துகொண்டிருக்கும் அதே வாரத்தில், கடைவரம்பில் வெடித்த மண்ணை வெறித்துப் பார்த்துக்கொண்டு உழவன் நிற்பதை ஆண்டுதோறும் காண்கின்றோம். இரவில் மடையைத் திறப்பதும், பகலில் மடையை அடைப்பதும், அதனால் உறவினருக்குள்ளேயே பேச்சு அற்றுப்போவதும் நாஞ்சில் நாட்டுக் குடும்பங்களுக்குப் புதிய செய்திகள் அல்ல. என் உறவினர் இருவர் ஒரு மடைக்காக ஒன்பது ஆண்டுகள் முகம் பாராமல் இருந்தனர். பின்பு இருவரும் வயலை விற்றுவிட்டனர். இன்று அந்த மடையும் இல்லை. அங்கே வீடுகள் இருக்கின்றன. நெல் வயல் வீட்டுமனையானால் மீத்தேன் அறவே நின்றுவிடும் என்று ஏட்டுக் கணக்குப் போடுபவர் மகிழலாம். ஆனால் மழைநீரைத் தாங்கி நிலத்தினுள் இறக்கிக் கிணறுகளுக்கு ஊட்டம் தந்த பரப்பும் அதனோடு நின்றுபோகின்றது. மீத்தேனைக் குறைக்க அது வழியன்று.

வழி, நம் மொழியிலேயே உள்ள ஒரு தொடரில் அடங்கியிருக்கின்றது. அதுவே காய்ச்சலும் பாய்ச்சலும். வயலைச் சிறிது காய விட்டுப் பிறகு நீரைப் பாய்ச்சுவது, மீண்டும் காய விடுவது, மீண்டும் பாய்ச்சுவது. பிலிப்பைன்ஸ் நாட்டில் 1960இல் நிறுவப்பெற்ற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் இதற்கு ஓர் அளவுகோல் வகுத்துத் தந்தனர். ஜப்பானிய உழவர் பயிரின் நடுப்பருவத்தில் ஒருமுறை வயலை வடித்துக் காயவிடும் வழக்கத்தை நெடுங்காலமாக உடையவர்கள். பயனற்ற தூர்கள் கிளைப்பதைத் தடுப்பதும் வேரை உறுதிப்படுத்துவதுமே அவர்கள் கருதியவை. சீனத்தில் 1980 முதல் இவ்வழக்கம் பெருகியதனால் அந்நாட்டு வயல்களின் மீத்தேன் பெருமளவு குறைந்தது என்று பின்னர் கணக்கிட்டனர். நம் மாநிலத்தில் 2000ஆம் ஆண்டுக்குப் பின் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் பரப்பிய திருந்திய நெல் சாகுபடியும் இதே நெறியை உடையதே. இளநாற்றை ஒற்றையாக இடைவெளிவிட்டு நட்டு, தேங்கும் நீரைத் தவிர்ப்பது அதன் உயிர்நிலை.

முன் சொன்ன பந்திக் கணக்கினால் இதன் காரணம் விளங்கும். மூன்று, நான்கு நாட்கள் வயல் காய்ந்து மண்ணினுள் காற்றுப் புகுந்தால், கரைந்து உருமாறிக் கிடந்த இரும்பு மீண்டும் துருவாகின்றது. சல்பேட்டும் நைட்ரேட்டும் மீண்டும் உண்டாகின்றன. அதாவது முதற் பந்திகளுக்கு உரிய உணவு மறுபடியும் பரிமாறப்படுகின்றது. பிறகு நீரைக் கட்டினாலும் கடைசிப் பந்தியார் தம் முறை வரும்வரை பல நாட்கள் காத்துக்கிடக்க வேண்டும். அந்த முறை வருவதற்குள் மறுபடியும் வயல் காய்ந்துவிடுகின்றது. எப்பொழுதும் நீர் நிற்கும் வயலோடு ஒப்பிட்டால், ஒருமுறை காயவிட்ட வயலில் மீத்தேன் முப்பது விழுக்காட்டை ஒட்டியும், பலமுறை காயவிட்டதில் நாற்பத்தைந்து விழுக்காட்டை ஒட்டியும் குறைகின்றது என்பது பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட சராசரி. நீரும் மிச்சமாகின்றது. நான்கில் ஒரு பங்கு மிஞ்சினாலும் அது கடைவரம்புக்குப் போய்ச்சேரும் நீர் அன்றோ?

இவ்வாறு சொல்லும்போது ஒரு முதியவர் என்னைக் கேட்ட வினா நினைவுக்கு வருகின்றது. “இன்றைக்கு நான் வடித்துவிட்டு நாளைக்கு நீர் வராமற்போனால், என் பயிருக்கு நீங்களா பொறுப்பு?” என்றார். நேர்மையான வினா. தலைப்பில் இருப்பவர் நீரைத் தேக்கி வைத்துக்கொள்வதற்குப் பேராசை மட்டுமே காரணமன்று, அச்சமும் காரணம். முறை தவறாமல் நீர் வரும் என்னும் நம்பிக்கை இருந்தால் எவரும் தேக்கிவைக்கமாட்டார். ஆகவே காய்ச்சலும் பாய்ச்சலும் ஓர் உழவர் தம் வயலில் தனித்துச் செய்துகொள்ளும் தந்திரம் அன்று. ஒரு மடைக்கு உட்பட்டவர் அனைவரும் ஒரு முறைக்கு உடன்பட வேண்டும். அணையிலிருந்து சானலில் நீர் விடும் நாளும் நிறுத்தும் நாளும் முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும். அவ்வாறு அறிவிக்கப்படுவதைப் பிறழாமல் நிறைவேற்றவும் வேண்டும். பிலிப்பைன்ஸ் நாட்டுப் போஹோல் தீவில் பாசன அதிகாரிகள் முறைவைத்து நீர் விட்டபோதுதான் இம்முறை வேர்விட்டது. அங்கேயும் முன்பு இரண்டாம் போகத்தில் நீரின்றிக் கிடந்தது கடைக்கோடிதான். கரியமில வாயுக் கடன்பத்திரம் என்று சொல்லிக்கொண்டு உழவருக்குப் பணம் வாங்கித்தர முன்வருவோர் இப்போது இருக்கின்றனர். வரும் பணத்தை வேண்டாமென்பதில்லை. ஆனால் மடைக்காவலன் முறையாக வந்தால் அதனினும் பெரிய நன்மை.

எல்லா வயலுக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகின்றேன். குளத்தின் அடியில் ஊற்று நீர் எப்போதும் கசியும் தாழ்ந்த வயல்களை எவராலும் காயவிட முடியாது. மணக்குடிக் காயலை அடுத்த நிலங்களில் மேலே நிற்கும் நன்னீரே உப்பைக் கீழே அழுத்தி வைத்திருக்கக்கூடும். அங்கே காயவிட்டால் உப்பு மேலேறும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வடிக்கவும் வழியில்லை. கன்னிப்பூவில் மழை இடைவிடும் நாட்களும், கும்பப்பூவில் தை மாதத்து வெயிலுமே இதற்கு ஏற்றவை. மண் காய்ந்தும் நனைந்தும் மாறிவரும்போது யூரியாவினின்று நைட்ரஸ் ஆக்சைடு என்னும் மற்றொரு வாயு சிறிது கூடுகின்றது. அது கரியமில வாயுவைப்போல் 273 மடங்கு வலியது. எனினும் கூடும் அளவு சிறிதாகையால், பெரும்பான்மை வயல்களில் மீத்தேன் குறைவால் வரும் ஆதாயமே மேலோங்கி நிற்கின்றது. யூரியாவை அள்ளி இறைக்காமல் பகுத்து இட்டு, இட்டவுடன் நீர் பாய்ச்சினால் அந்தத் தீங்கும் குறையும். அதுபோலவே, பச்சைத் தழையையும் வைக்கோலையும் தொளியில் மிதித்த உடனே நீரைக் கட்டுவது மீத்தேனுக்கு விருந்து வைப்பதாகும். உழவுக்கு ஒரு மாதம் முன்னரே மண்ணில் மடக்கிவிடலாம், அன்றேல் மட்கிய எருவாக்கி இடலாம்.

கருவி எளியது. முப்பது சென்டிமீட்டர் நீளமுள்ள குழாய்த் துண்டு ஒன்று போதும். மூங்கிலும் ஆகும். பக்கமெங்கும் துளைகளிட்டு, பாதி மண்ணுக்குள்ளும் பாதி வெளியிலும் இருக்குமாறு ஊன்றி, உள்ளே புகுந்த சேற்றைக் கையால் அள்ளிவிட வேண்டும். வரப்பிலிருந்து எட்டிப் பார்க்கத்தக்க இடமாகவும், வயலின் மேட்டிலும் பள்ளத்திலும் இல்லாத நடுமட்டமாகவும் அது இருக்கவேண்டும். நட்ட இரண்டு வாரம் வரை இரண்டு அங்குல நீர் நிற்கட்டும், களை அடங்கும். அதன் பிறகு நீர் வற்றட்டும். குழாயினுள் எட்டிப்பார்த்தால் மண்மட்டத்துக்குக் கீழே பதினைந்து சென்டிமீட்டர் ஆழம்வரை நீர் தெரியும். அதுவரை பயிரின் வேர் அந்நீரை எட்டிக் குடிக்கும். அதற்குக் கீழே போனால் பாய்ச்ச வேண்டும். பூக்கும் காலத்துக்கு ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம். அப்போது நீர் நிற்கவே வேண்டும். இல்லையேல் பதர் மிகும். அறுவடைக்கு முன் குழாயைப் பிடுங்கி எடுத்து வைத்துவிடுங்கள். இக்காலத்தில் அறுக்க வருவது அரிவாளன்று, இயந்திரம். குழாய் அதன் பல்லில் சிக்கினால் வண்டிக்காரரோடு வழக்காட நேரும்.